அடிபட்ட முன்பல்லில் உட்கரைவு: ரூட் கெனால் எங்கே தவறுகிறது

கிரிக்கெட் பந்து, பள்ளிக்கூட பெஞ்ச், மழையில் சறுக்கிய பைக், அடிபம்பின் கைப்பிடி. மேல் முன்பல்லில் அடிபட நம் ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. அன்றைக்கு உதடு வீங்கும், பல் லேசாக ஆடும், ரெண்டு மூணு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஐந்தாறு வருடம் கழித்து வேறு ஏதோ பல்லுக்காக எடுத்த எக்ஸ்ரேயின் ஓரத்தில் அந்த முன்பல்லும் விழுந்திருக்கும். வேரின் நடுவே மெல்லிய கோடாக ஓட வேண்டிய குழாய், எலியை விழுங்கிய பாம்பு மாதிரி ஓரிடத்தில் மட்டும் உப்பியிருக்கும்.

இதுதான் இன்டர்னல் ரிசார்ப்ஷன். தமிழில் உட்கரைவு என்று சொல்லலாம். பல்லுக்குள் இருக்கும் பல்ப் (நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் மென்சதை), தன்னைச் சுற்றியுள்ள டென்டினையே (எனாமலுக்கு உள்ளே இருக்கும் கெட்டியான பகுதி) உள்ளிருந்து அரித்துக் குழியாக்கும் நோய். "வலியே இல்லையே டாக்டர், எதுக்கு ரூட் கெனால்?" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வலிக்கிற பல்லுக்கும் சீழ் வைத்த பல்லுக்கும்தான் ரூட் கெனால் என்று எல்லோருக்கும் பழக்கம். இந்த நோயில் கணக்கு தலைகீழ். பல்ப் முழுக்கச் செத்துப்போனால் கரைவு தானாக நின்றுவிடும். உயிரோடு இருக்கும் வரைதான் அரிக்கும். பல்ப்பை எடுத்துவிட்டால் நோய் அன்றோடு முடிந்தது. மிச்சமிருப்பது, குழாயைச் சுரண்டும் மெல்லிய கம்பியான ஃபைல் எட்டாத ஒரு குழியைச் சுத்தம் செய்து அடைக்கும் வேலை. ரூட் கெனால் தவறிப்போவது பெரும்பாலும் இந்த மிச்ச வேலையில்தான்.

ஏன் அரிக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், சிகிச்சையின் ஒவ்வொரு படியும் அதிலிருந்துதான் வருகிறது. பல்ப்பை ஒட்டிய டென்டின் சுவரில் ஓடோன்டோபிளாஸ்ட் செல்களின் வரிசை ஒன்று இருக்கிறது. அதற்கும் டென்டினுக்கும் நடுவே, இன்னும் சுண்ணாம்பு ஏறாத ப்ரீடென்டின் என்ற படலம். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்டுக்குப் பங்காளியான ஓடோன்டோகிளாஸ்ட், சுண்ணாம்பு ஏறிய பரப்பில்தான் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். படலம் முழுதாக இருக்கும் வரை அதற்குப் பிடிமானம் கிடைக்காது. பல்லில் விழுந்த அடி ஓரிடத்தில் அந்தச் செல்களையும் படலத்தையும் சிதைத்துவிட்டால் சுண்ணாம்பு ஏறிய டென்டின் வெறுமையாகிவிடுகிறது. அது மட்டும் போதாது. அந்த அளவில் நின்றால் சின்னதாகக் கரைந்து தானே ஆறிவிடும். குழிக்கு மேலே, பல்லின் தலைப்பக்கத்தில் பல்ப் செத்து, விரிசல் வழியாகக் கிருமி ஏறியிருந்தால் அதுதான் விடாத தூண்டுதல். குழிக்குக் கீழே, வேர் நுனிப் பக்கத்தில் பல்ப் உயிரோடு இருந்தால் அந்த வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். மேலே தூண்டுதல், கீழே தீனி. இரண்டும் இருக்கும் வரை குழி வளரும்.

எவ்வளவு வேகத்தில் வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும், சிலருக்குச் சில மாதங்களில் வேரின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்துவிடும். ஓட்டை விழாத பல்லுக்குச் சாதாரண ரூட் கெனால் போதும், பல் நிலைக்கும் வாய்ப்பும் நன்றாக இருக்கும். ஓட்டை விழுந்தபின் மருந்து, முறை, செலவு, நம்பிக்கை எல்லாமே மாறிவிடும். எனவே இதில் "ஆறு மாசம் பார்ப்போம்" என்பது கிடையாது. உட்கரைவுதான் என்று உறுதியானால் அடுத்து கிடைக்கும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும்.

உறுதி செய்வதில்தான் முதல் சறுக்கல். ஒரே ஒரு ஆர்.வி.ஜி. (டிஜிட்டல் பல் எக்ஸ்ரே) படத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது. வேருக்கு வெளியிலிருந்து அரித்துக்கொண்டு வரும் வெளிக்கரைவும் படத்தில் இதே மாதிரி கறுப்புத் திட்டாகத்தான் விழும், குறிப்பாக ஈறோரத்தில் தொடங்கும் வகை. உட்கரைவில் குழாயின் இரு கரைகளும் அப்படியே விரிந்து உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ ஆகியிருக்கும். ஓரம் வழவழப்பாக, பேனாவால் வரைந்தது போல இருக்கும். திட்டுக்குள்ளே குழாயின் பழைய கோடு தெரியாது, ஏனென்றால் அந்தச் சுவரே இப்போது இல்லை. வெளிக்கரைவில் ஓரம் கந்தலாக இருக்கும், திட்டின் மேலேயே குழாயின் இரண்டு கோடுகளும் ஒழுங்காக ஓடுவது தெரியும். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே ட்யூபை 15 முதல் 20 டிகிரி பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். திட்டு குழாயோடு ஒட்டிக்கொண்டே வந்தால் உட்கரைவு. குழாயை விட்டு விலகினால் வெளிக்கரைவு. ட்யூப் போன திசையிலேயே விலகினால் குழி அண்ணப் பக்கம், எதிர்த் திசையில் விலகினால் உதட்டுப் பக்கம்.

இரண்டாவது படத்திலும் குழப்பம் தீரவில்லை என்றாலும், சுவர் ரொம்ப மெலிந்துவிட்டது போலத் தோன்றினாலும் சிறிய பரப்பு சி.பி.சி.டி. (முப்பரிமாண ஸ்கேன்) எடுக்க வேண்டும். முழுத் தாடைக்கான ஸ்கேன் தேவையில்லை. நான்கைந்து சென்டிமீட்டர் அகலத்துக்குள் அந்தப் பல் மட்டும், வாக்சல் (ஸ்கேன் படத்தின் மிகச் சிறிய கட்டம்) 0.1 மி.மீ. அளவில் இருந்தால் போதும். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: உதட்டுப் பக்கச் சுவரும் அண்ணப் பக்கச் சுவரும் இன்னும் எவ்வளவு தடிமன், எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா. சாதாரண எக்ஸ்ரே இந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டுவதால் அதில் தெரியவே தெரியாது. ஸ்கேனைக் குழாய் அடைப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். குழாயை அடைக்கும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சாவும் அதோடு சேர்க்கும் பசையான சீலரும் உள்ளே போனபின் எடுத்தால் கோடு கோடாக நிழல் விழுந்து, பார்க்க வேண்டிய இடம்தான் மறையும்.

இளஞ்சிவப்புப் பல் பற்றி ஒரு வார்த்தை. குழி பல்லின் தலைப்பக்கத்தில் இருந்தால், ரத்தக் குழாய்கள் நிறைந்த சதை எனாமல் வழியே ரோஸ் நிறத்தில் மின்னும். பிரிட்டனின் ஜே. ஹோவர்ட் மம்மரி 1920இல் இந்தப் புள்ளிகளைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. பல் மருத்துவத் தேர்வில் 'பிங்க் டூத்' என்று கேட்டால் உட்கரைவு என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவோம். நாற்காலியில் அது அவ்வளவு நம்பகமில்லை. ஈறோர வெளிக்கரைவிலும் அதே நிறம் வரும், சொல்லப்போனால் அதில்தான் அதிகம் பார்க்கலாம். ஈறோரத்தில் புரோப் என்ற மெல்லிய பரிசோதனைக் கம்பியை வைத்துத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று ஒரு வாசல் தட்டுப்பட்டு ரத்தமும் கசிந்தால் அது வெளியிலிருந்து வந்த குழி.

குளிர் பரிசோதனையையும் அளவோடு நம்புங்கள். உட்கரைவு உள்ள பல் குளிருக்குக் கூசலாம், கூசாமலும் போகலாம். தலைப்பக்கப் பல்ப் செத்திருந்தால் கூசாது; ஆனால் கீழே உயிர் இருக்கிறது, அரித்துக்கொண்டும் இருக்கிறது. அதேபோல அடிபட்ட முதல் மூன்று மாதம் வரை நல்ல பல்ப்கூட பதில் சொல்லாமல் இருக்கும். அதை வைத்து 'செத்துவிட்டது' என்று துளை போட்டுவிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. குழாயில் விரிவு தெரிந்தாலே ரூட் கெனால் என்று பாயவும் கூடாது. வேர் குறுக்கே முறிந்து ஆறிக்கொண்டிருக்கும் பல்லில், முறிவுக் கோட்டை ஒட்டிக் குழாய் சற்று விரிந்து காட்டும். அது ஆறுவதன் ஒரு கட்டம்; பிறகு அந்த இடத்தில் குழாய் சுருங்கி அடைபட்டுவிடும். இடம் பெயர்ந்து உட்கார்ந்த பல்லில் வேர் நுனி கொஞ்ச காலம் அகன்று, பல் சாம்பல் நிறமாகி, குளிருக்கும் பதிலில்லாமல் இருந்து, ஏறக்குறைய ஒரு வருடத்தில் பழையபடி ஆவதும் உண்டு. இவற்றில் கை வைத்தால் பிழைத்துக்கொண்டிருந்த பல்ப்பை நாமே கொல்கிறோம். உட்கரைவின் அடையாளம், அடுத்தடுத்த படங்களில் பெரிதாகிக்கொண்டே போகும், வழவழப்பான ஓரமுள்ள உப்பல்.

இனி நாற்காலிக்கு வருவோம். மேல் முன்பல் என்றால் 2% லிக்னோகெய்ன், 1:80,000 அட்ரினலினோடு, உதட்டுப் பக்கம் 1.5 முதல் 1.8 மி.லி., அண்ணப் பக்கம் சில துளிகள். பல்ப் செத்திருக்கும், மரத்துப்போகும் ஊசி வேண்டாம் என்று நினைத்தால் கீழே இருக்கும் உயிருள்ள பாதியை ஃபைல் தொட்டவுடன் ஆள் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ரப்பர் டாம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இந்தச் சிகிச்சையின் பாதி சுமையை ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கழுவு மருந்து, தூக்குகிறது. வாய்க்குள் ஹைப்போ வழிகிற நிலையில் யாருக்கும் தாராளமாகக் கழுவத் துணிவு வராது.

திறப்பு அண்ணப் பக்கத்தில், சிறியதாக. குழி பெரிதாக இருக்கிறதே, நன்றாகப் பார்க்க வேண்டுமே என்று திறப்பையும் அகலமாக வெட்டுவது பலர் செய்யும் தவறு. ஏற்கெனவே உள்ளிருந்து மெலிந்த பல். கழுத்துப் பகுதியில் நாம் எடுக்கும் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் பின்னாளில் அந்தப் பல் ஒடியும் இடம். அதே சமயம் பல்ப்பின் இரண்டு கொம்புகளையும் திறப்புக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே ஒதுங்கிய சதை மிச்சமிருந்தால் பல் பின்னால் கறுக்கும்.

திறந்தவுடன் ரத்தம் கொப்பளிக்கும். சாதாரணப் பல்ப்பிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு. குழியில் இருப்பது ரத்தக் குழாய்கள் அடர்ந்த கிரானுலேஷன் சதை. பயந்துபோய் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு காத்திருப்பதால் பயனில்லை. ரத்தம் வருவது கீழிருந்து. வேர் நுனி வரை போய் பல்ப்பைத் துண்டித்தால்தான் அந்த வரத்து நிற்கும். 15ஆம் எண் கே ஃபைலை நுனிக்கு இறக்கி, கொஞ்சம் பெரிய ஹெட்ஸ்ட்ராம் ஃபைலால் சதையைச் சுற்றி இழுத்து, ஹைப்போவால் தாராளமாகக் கழுவிக்கொண்டே வந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் சிவப்பு குறைந்து தண்ணீர் தெளியத் தொடங்கும். முழு நீளமும் ஃபைல் போட்டபின்பும் ரத்தம் நிற்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: குழிக்குள் சதை பாக்கி, அல்லது பக்கச் சுவரில் ஓட்டை. பேப்பர் பாயின்ட்டை (ஈரம் உறிஞ்சும் கூரான காகிதக் குச்சி) வைத்து எடுத்துப் பாருங்கள். நுனி சிவந்திருந்தால் ரத்தம் வேர் நுனியிலிருந்து. நுனி சுத்தமாக இருந்து, நடுவில் ஒரு பக்கம் மட்டும் சிவப்புத் திட்டு ஒட்டியிருந்தால் ஓட்டை அங்கே. பாயின்ட்டின் எந்தப் பக்கம் சிவந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை உதவும்.

நீளம் அளப்பதிலும் இதே துப்பு கிடைக்கும். 22 மி.மீ. இருக்க வேண்டிய மேல் நடுப்பல்லில் அபெக்ஸ் லொக்கேட்டர் (வேர் நுனியை மின்சாரத்தால் கண்டறியும் கருவி) 14 மி.மீ.யிலேயே 'நுனி வந்துவிட்டது' என்று கத்தினால் அது கருவியின் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். ரத்தம் நிரம்பியிருந்தாலும் அப்படிக் கத்தும். துடைத்துவிட்டு மறுபடி அளந்தும் அதே 14 என்றால் ஃபைலின் முனை ஓட்டை வழியாக வேருக்கு வெளியே தொட்டுக்கொண்டிருக்கிறது. முனையைச் சற்று வளைத்து, எதிர்ச் சுவரை ஒட்டி இறக்கி, நுனியின் உண்மையான நீளத்தை எக்ஸ்ரேயில் உறுதி செய்யுங்கள்.

ஃபைலுக்கு இதற்கு மேல் பெரிய வேலை இல்லை. வழக்கமான குழாயை வடிவமைப்பது போல எண் எண்ணாக ஏற்றிக்கொண்டே போனாலும், சுழலும் ஃபைல் குழியின் நடுவே அந்தரத்தில் சுற்றிவிட்டு வரும், சுவரைத் தொடாது. வாய் குறுகிய பித்தளைச் செம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கை நுழையாது. புளியைக் கரைத்து ஊற்றி, குலுக்கி, கொட்டி, மறுபடி ஊற்றித்தான் உட்பக்கத்தைத் துலக்க முடியும். இங்கே புளிக்குப் பதில் ஹைப்போ.

ஓட்டை இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் 3 முதல் 5.25% சோடியம் ஹைப்போகுளோரைட். சதையைக் கரைக்கக்கூடிய கழுவு மருந்து அது ஒன்றுதான். குளோர்ஹெக்சிடின் கிருமியைக் கொல்லும், சதையைத் தொடாது; எனவே உட்கரைவில் அதை முதன்மை மருந்தாக வைத்தால் குழியில் சதை அப்படியே உட்கார்ந்திருக்கும். 30 கேஜ், பக்கவாட்டில் துளையுள்ள ஊசி, வேலை நீளத்துக்கு 2 மி.மீ. குறைவாக ரப்பர் ஸ்டாப் வைத்து. ஊசி குழாயில் இறுகக் கூடாது, மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்காமல் ஆள்காட்டி விரலால் தள்ளினால் வேகம் தானாக மட்டுப்படும்; நிமிடத்துக்கு 4 மி.லி. போதும்.

ஊற்றுவதோடு முடியவில்லை, குலுக்க வேண்டும். அல்ட்ராசோனிக் முனையை (அதிவேகமாக அதிரும் மெல்லிய கம்பி) நீளத்துக்கு ஒன்றிரண்டு மி.மீ. குறைவாக, சுவரில் படாமல் வைத்து 20 விநாடி ஓட்டுங்கள். பழைய ஹைப்போவை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி மறுபடி 20 விநாடி. இப்படி மூன்று சுற்று. முனை சுவரில் பட்டால் அதிர்வு அடங்கிவிடும், மெலிந்த சுவரில் பள்ளமும் விழும். எக்ஸ்.பி. எண்டோ ஃபினிஷர் கையில் இருந்தால் இந்தப் பல்லுக்கு அது நல்ல துணை. குளிரில் நேராக இருக்கும் அந்த ஃபைல், உடல் சூட்டில் கரண்டி மாதிரி வளைந்து 6 மி.மீ. அகலம் வரை துழாவும். நிமிடத்துக்கு 800 சுற்று, 1 நியூட்டன் சென்டிமீட்டர் டார்க் (முறுக்கு விசை), ஹைப்போ நிரம்பிய குழாயில் ஒரு நிமிடம், மேலும் கீழுமாக 7 முதல் 8 மி.மீ. வரை. இதுவும் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று இல்லை. குழியின் கூரை, அதாவது திறப்பை நோக்கிய பக்கத்துச் சுவர், எப்போதும் ஏமாற்றும். நுனியை வளைத்த அல்ட்ராசோனிக் முனையையோ வளைத்த கே ஃபைலையோ அந்தக் கூரையை நோக்கித் திருப்பிச் சுரண்டிப் பார்த்தால், சுத்தமாகிவிட்டது என்று நினைத்த குழியிலிருந்து இன்னொரு சிவப்புத் துணுக்கு வரும்.

ஓட்டை இருக்கிறது அல்லது சந்தேகம் என்றால் அடர்த்தியை 1 முதல் 1.5%க்குக் குறைத்து, அழுத்தமே இல்லாமல், ஊசியை ஓட்டைக்கு மேலேயே நிறுத்தி ஊற்ற வேண்டும். ஹைப்போ வேருக்கு வெளியே போனால் ஆள் மரத்திருந்தாலும் துடித்துப்போவார். கண் முன்னே கன்னம் வீங்கும், குழாயில் ரத்தம் பெருகும், மறுநாள் முகம் நீலம் பாரிக்கும். நடந்துவிட்டால் உடனே நிறுத்தி, நிறைய சலைனால் மெதுவாகக் கழுவி, முதல் நாள் ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெந்நீர் ஒத்தடம், வலி மருந்து. என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ மூச்சுக்குச் சிரமம் வந்தாலோ மருத்துவமனைக்கு அனுப்பத் தாமதிக்கக் கூடாது.

ஹைப்போவையும் குளோர்ஹெக்சிடினையும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே ஊற்றாதீர்கள். ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் திரிந்து சுவரில் படியும், முன்பல்லில் அது வெளியேயும் தெரியும். நடுவில் சலைன் போட்டுக் கழுவிவிட வேண்டும். 17% இ.டி.டி.ஏ. (சுவரில் படியும் சுண்ணாம்புத் தூளைக் கரைக்கும் மருந்து) கடைசியில் ஒரு நிமிடம், அதற்கு முன்னும் பின்னும் சலைன்.

இதை ஒரே நாளில் முடிக்கலாமா என்றால், முடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. எவ்வளவு கழுவினாலும் குழியின் மடிப்புகளில் சதை ஒதுங்கியிருக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடை சலைனில் குழைத்து, தயிர் பதத்தில், லென்டுலோ என்ற சுழலும் சுருள் கம்பியால் குழி நிரம்ப ஏற்றி, ஒன்று முதல் இரண்டு வாரம் விடுங்கள். அதன் பி.எச். 12.5 அளவு, அதாவது கடும் காரம். ரத்தக் கசிவை அடக்கும், மிச்சச் சதையைப் பொசுக்கி இளக்கும். அடுத்த முறை ஹைப்போ ஊற்றும்போது அந்தச் சதை எளிதாகக் கரைந்து வரும். நிரம்பியதா என்று ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்: சரியாக நிரம்பினால் கறுப்பாக இருந்த குழி பக்கத்து டென்டின் நிறத்துக்கு மாறி, இருந்த இடமே தெரியாமல் போகும். இன்னும் கறுப்பாகத் தெரியும் மூலைதான் மருந்து போகாத மூலை. சிலிக்கோன் எண்ணெயில் அயடோஃபார்ம் கலந்து வரும் மஞ்சள் பேஸ்ட்டை இங்கே தவிர்ப்பது நல்லது. ஊசியில் அழகாக இறங்கும், ஆனால் குழிக்குள்ளிருந்து அதை முழுக்க எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மேலே தற்காலிக அடைப்பு 3.5 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல். மாதக்கணக்கில் இந்த மருந்தை உள்ளே விட்டுவிட்டு ஆள் வராமல் போனால் வேர் இன்னும் நொறுங்கும் தன்மை அடையும், அதை முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.

இரண்டாம் நாள் மருந்தை எடுத்து, மறுபடி மூன்று சுற்று அல்ட்ராசோனிக். பேப்பர் பாயின்ட் வெள்ளையாக வந்தால் அடைக்கலாம். சிவப்பு வந்தால் இன்னொரு வாரம்.

அடைப்பதில் ஒரே விதி: குழிக்குக் கீழே ஒரு முறை, குழியில் வேறு முறை. குழிக்குக் கீழே உள்ள குழாய் சாதாரணமானது. மாஸ்டர் கட்டாபெர்ச்சா கோனை (முதலில் பொருத்தும் முக்கியக் குச்சி), எடுக்கும்போது லேசாகப் பிடித்து இழுக்கும்படி பொருத்தி, நுனி 4 முதல் 5 மி.மீ. மட்டும் சீலரோடு அடைத்து, மேலே உள்ளதைச் சூடான பிளக்கரால் (அடைப்பை அமுக்கும் உலோகக் கருவி) வெட்டி எடுத்துவிடுங்கள். பிளக்கர் 200 டிகிரி செல்சியஸ் அளவில், மூன்று நான்கு விநாடி. பிறகு சூட்டை நிறுத்தி 10 விநாடி அமுக்கிப் பிடித்திருங்கள், ஆறும்போது கட்டாபெர்ச்சா சுருங்குவதை அது ஈடுகட்டும். இந்த நுனி அடைப்பு இருப்பதால்தான் மேலிருந்து ஊற்றப்போகும் இளகிய கட்டாபெர்ச்சா வேரைத் தாண்டி வழியாது. பிறகு துப்பாக்கி வடிவக் கருவியால் இளகிய கட்டாபெர்ச்சாவை 3 முதல் 4 மி.மீ. தொகுதிகளாக விட்டு, ஒவ்வொன்றையும் அமுக்கி, குழியை நிரப்ப வேண்டும். ஊசி முனையைக் குழியின் அடியில் வைத்துத் தொடங்குங்கள். கட்டாபெர்ச்சா தானாக ஊசியை மேலே தள்ளிக்கொண்டு வரும். பாதியில் அவசரப்பட்டு இழுத்தால் காற்றுக் குமிழ் மாட்டும், அது படத்தில் கறுப்பு முட்டையாக நிற்கும்.

சூட்டில் நிதானம் வேண்டும். 47 டிகிரி ஒரு நிமிடம் நீடித்தால் எலும்பு பாதிக்கப்படும் என்று எரிக்சனும் ஆல்பிரெக்சனும் முயலெலும்பில் காட்டியது 1983இல். சாதாரண வேரில் தடித்த டென்டின் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். இங்கே குழியின் சுவர் ஒரு மில்லிமீட்டரும் இருக்காது. பிளக்கரைக் குழிக்குள்ளே சூட்டோடு நிறுத்திவைத்து யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

குளிர்ந்த கோன்களை ஒன்றன்பக்கம் ஒன்றாகச் செருகும் லேட்டரல் கண்டென்சேஷன் இங்கே வேலைக்கு ஆகாது. கோன்கள் குழியின் நடுவில் கற்றையாக நிற்கும், சுற்றிலும் சீலரோ வெற்றிடமோதான் இருக்கும். ஸ்ப்ரெடரை (கோன்களைப் பக்கவாட்டில் ஒதுக்கும் கூரான கருவி) அழுத்தினால் மெலிந்த சுவர் விரிசல் விடவும் கூடும். ஒற்றைக் கோன் போட்டு மிச்சத்தைப் பயோசெராமிக் சீலர் பார்த்துக்கொள்ளும் என்று கம்பெனி ரெப் சொல்வார். ஒடுங்கிய குழாய்க்கு அது சரி. குழியை நிரப்ப வேண்டுமானால் அதே இனத்தைச் சேர்ந்த, பிசைந்த மாவு போன்ற கெட்டியான 'புட்டி' வகையை வாங்குங்கள், ஒழுகும் சீலரை நம்பாதீர்கள்.

ஓட்டை விழுந்த பல்லுக்கு எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின்; இரண்டும் சிமென்ட் மாதிரி இறுகும் மருந்துகள். லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாத் குழு 1993இல் எம்.டி.ஏ.வை அறிமுகப்படுத்தும் வரை, ஓட்டை விழுந்த வேரை வைத்துக்கொண்டு செய்ய முடிந்தது கொஞ்சம்தான். எம்.டி.ஏ. என்றால் மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர், ஈரமான ஆற்று மணல் பதம். தண்ணீர் கூடினால் வழிந்து ஓடும், குறைந்தால் கேரியரிலிருந்து (மருந்தை எடுத்து வைக்கும் குழல்) உதிரும். பிளக்கரால் இடத்தில் வைத்து, அந்தப் பிளக்கரை அல்ட்ராசோனிக்கால் ஒரு விநாடி தொட்டு அதிரவிட்டால் நன்றாக அமரும். இறுக மூன்று மணி நேரம் அளவு ஆகும், அதற்கு ஈரம் வேண்டும். மேலே ஈரப் பஞ்சு வைத்து மூடிவிட்டு அடுத்த முறை தட்டிப் பாருங்கள். ரத்தமும் சீழும் தேங்கிய இடத்தில் போட்டால் சரியாக இறுகாது, கழுவிக்கொண்டும் போய்விடும். வேருக்கு வெளியே தள்ளப்படும் என்று பயமாக இருந்தால் முதலில் சிறு கொலாஜன் துண்டை ஓட்டைக்கு அப்பால் வைத்து, அதன் மேல் எம்.டி.ஏ.வை வையுங்கள். முன்பல்லில் நிறம்தான் இதன் குறை. வெள்ளை எம்.டி.ஏ.கூட அதிலுள்ள பிஸ்மத் ஆக்சைடு ஹைப்போவோடு சேர்ந்து கறுக்கும். எனவே குழி ஈறுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் பயோடென்டின் மேல்: ஒரு கேப்சூல் பொடிக்கு 5 துளி, அமால்கமேட்டரில் (கேப்சூலைக் குலுக்கிக் கலக்கும் கருவி) 30 விநாடி, ஏறக்குறைய 12 நிமிடத்தில் இறுகும். அமால்கமேட்டர் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்குக் குறைவான பழைய மாடல் என்றால் கலவை சரியாக வராது. எக்ஸ்ரேயில் பயோடென்டின் மங்கலாகத்தான் தெரியும், நிரம்பவில்லை என்று பதறிப் பிரிக்க வேண்டாம்.

குழி வேர் நுனிப் பக்கத்திலேயே இருந்து, கீழே கட்டாபெர்ச்சாவுக்கு இடமே இல்லை என்றால் நுனியிலிருந்து குழி வரை எல்லாமே எம்.டி.ஏ. நுனி இன்னும் மூடாத சிறுவர் பல்லிலும் அப்படித்தான், நுனியில் 4 மி.மீ. அளவுக்கு. ஓட்டை பெரிதாகி, எலும்பு விளிம்புக்கு மேலே வாயோடு தொடர்பு வந்துவிட்டால் ஈறைத் திறந்து வெளியிலிருந்து அடைத்துப் பார்க்கலாம். அதுவும் முடியாது என்றால் பல்லை எடுப்பதுதான் வழி. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எடுத்த இடத்தில் உடனே இம்ப்ளான்ட் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாடை வளர வளரப் பக்கத்துப் பற்கள் கீழே இறங்கும், இம்ப்ளான்ட் அங்கேயே நின்று ஈறுக்குள் புதைந்தது போல ஆகிவிடும். வளர்ச்சி முடியும் வரை தற்காலிகப் பல்.

அடைப்பு முடிந்ததும் கட்டாபெர்ச்சாவை எனாமல் முடியும் கோட்டுக்கு 2 மி.மீ. கீழே வரை வெட்டி, கண்ணாடி அயனோமர் என்ற சிமென்ட்டால் தடுப்பு வைத்து, திறப்பைப் பல் நிறக் காம்போசிட்டால் மூடினால் பெரும்பாலும் போதும். ரூட் கெனால் செய்தால் கேப் போட்டே ஆக வேண்டும் என்பது கடைவாய்ப் பல்லின் விதி. முழுசாக நிற்கும் முன்பல்லை கேப்புக்காகச் சுற்றிலும் சீவினால் கழுத்து இன்னும் மெலியும். உள்ளே போஸ்ட் (வேருக்குள் நிறுத்தும் தண்டு) திருகுவதும் அதே கதை. நிறம் மாறியிருந்தால் சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து, தடுப்பின் மேல் வைத்து வெளுக்கலாம். 30% ஹைட்ரஜன் பெராக்சைடும் சூடும் அடிபட்ட பல்லுக்கு ஆகாது, உட்கரைவை நிறுத்தியபின் ஈறோர வெளிக்கரைவை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகிவிடும்.

பிறகு ஆறாவது மாதம், ஒரு வருடம், அப்புறம் வருடம் ஒரு முறை நான்கு வருடம் வரை எக்ஸ்ரே. ஒவ்வொரு முறையும் ஹோல்டர் வைத்து அதே கோணத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். பார்க்க வேண்டியது குழியின் அளவை அல்ல, அது இனி மாறாது. ஓட்டை இருந்த இடத்தின் பக்கத்தில் எலும்பு கறுக்கிறதா, ஈறில் புரோப் ஒரே இடத்தில் மட்டும் ஆழமாக இறங்குகிறதா என்பதைத்தான். குறுகலாக ஓரிடத்தில் மட்டும் இறங்கினால் வேர் நீளவாக்கில் விரிந்திருக்கக் கூடும்.

இப்போதுதான் அடிபட்டு, பல் பக்கவாட்டில் நகர்ந்து, சரி செய்து கட்டியிருக்கிறார்கள் என்றால் சர்வதேசப் பல்காயச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்லும் நாட்கள் இவை: 2, 4, 8, 12 வாரங்கள், ஆறு மாதம், ஒரு வருடம், அதன்பின் குறைந்தது ஐந்து வருடம் வரை ஆண்டுக்கு ஒன்று. கட்டுக் கம்பியை நான்காவது வாரம் கழற்றியதும் பெரும்பாலான வீடுகளில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அடிபட்ட அன்று எடுத்த முதல் எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கி போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் வேறொரு டாக்டர் உப்பலைப் பார்த்து இது புதிதா பழையதா என்று யோசிக்கும்போது, அந்தப் படம் அருகில் இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.